பாலத்தடியில் குந்தியிருந்த பகல்

விடிய இன்னும் அரைமணி நேரம் கிடக்கிறது. பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கீழே, கல் அடுக்கிய கரையில் குந்தியிருக்கிறேன். மாசி மாதம். மாரி ஓய்ந்துவிட்டது, வாடைக்காற்று மட்டும் போக மனமில்லாமல் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாலம் பஸ் யன்னலைத் திறந்து உப்புக்காற்று பிடிக்கும் இடம். ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். இன்றைக்கு ஒரு நாள் கடக்காமல் இருந்து பார்ப்பது என்று வந்திருக்கிறேன். பேசுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை.

தண்ணீரில் ஒரு தலை. நீர்நாய் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று, அதற்கும் அங்கால் மூன்றாவது. மூன்றும் பெண்கள். முழந்தாளில் நின்றால் கழுத்தளவு தண்ணீர். இரண்டு கையும் சேற்றுக்குள். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனியில் உமல் ஒன்று மிதந்து, நாய்க்குட்டி போலப் பின்னால் வருகிறது. வலை இல்லை, தூண்டில் இல்லை. விரலில் இறாலின் மீசை பட்டதும் கை மூடுகிறது, தண்ணீருக்கு மேலே வந்து உமலுக்குள் போகிறது, மறுபடி சேற்றுக்குள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கண்ணில்லாதவர் முகம் தடவி ஆளை அறிவதுபோல் களப்பின் அடியைத் தடவித் தடவி நகர்கிறார்கள். அவ்வளவு நேரத்திலும் நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. மூத்தவர் சொன்னார்: "கிறுகு புள்ள, அங்கால குழி." இளையவள் கிறுகினாள்.

இந்த இறாலின் கதை விசித்திரமானது. அது பிறப்பது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக, பெருக்குத் தண்ணீரோடு முகத்துவாரத்தால் களப்புக்குள் வருகிறது. கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில், சாதாளைக்குள் ஒளிந்து வளர்கிறது. பருவமானதும் வந்த வழியே கடலுக்குத் திரும்புகிறது. தாய்வீடு கடல், வளர்த்த வீடு களப்பு. இந்தப் பெண்களின் விரல்கள் அதை மறிப்பது இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள முற்றத்தில். கண்ணாக்காட்டை வெட்டினால் வளர்த்த வீடு போகும். முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால் வாசல் போகும். நூல்களில் இதைப் பல்லுயிர்ப் பெருக்கம் என்று எழுதுகிறோம். இங்கே அது அரை உமல் இறால், அல்லது வெறும் உமல்.

கிழக்கு வெளுக்கிறது. களப்பின் நடுவில் நட்ட கம்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர்க்காகம், சிறகை விரித்து, துணி காயப்போட்டதுபோல். கூழைக்கடாக்கள் ஏழெட்டு ஒரு வரிசையாக இறங்கி, தண்ணீரைக் கீறிக்கொண்டு நிற்கின்றன. ஆழம் குறைந்த பக்கத்தில் கருவால் மூக்கன்களின் கூட்டம் ஒன்று, மூக்கைச் சேற்றில் குத்தியெடுத்துத் தையல் இயந்திரம்போல் வேலை செய்கிறது. மேலே மீசை ஆலாக்கள். இந்த இரண்டும் ஊர்க்காரர் அல்ல. வடக்கே பனி உறையும் நாடுகளிலிருந்து மத்திய ஆசிய வலசைப்பாதையால் வந்தவை. அந்தப் பாதையின் தென்கோடியில் கிடக்கிறது இலங்கை. இந்தத் தீவுக்கு நேர் தெற்கே அண்டார்டிக்கா வரைக்கும் கால் வைக்க நிலம் கிடையாது. இனிப் போக இடமில்லை என்று தெரிந்த பயணியின் அமைதியோடு அவை மேய்கின்றன. பங்குனி கழியும்போது ஒருநாள் எழும்பிப் போய்விடும்.

பெண்கள் கரையேறுகிறார்கள். குளிரில் உதடு நீலம் பாரித்திருக்கிறது. பாலத்தடியில் காத்து நின்ற மோட்டார் சைக்கிள்காரர் தராசைத் தூக்குகிறார். விலை பேசுவது பேச்சாகவே இல்லை. அவர் சொல்கிறார், இவர்கள் உமலைக் கவிழ்க்கிறார்கள்.

*

வெயில் ஏறியதும் வீதியால் நடந்தேன். இந்த வாகரைப் பகுதியின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்க எனக்குப் பிடிக்கும்: காயங்கேணி, மாங்கேணி, மதுரங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கண்டலடி, ஊரியன்கட்டு, அம்பந்தனாவெளி, கதிரவெளி, ஆண்டான்குளம், குஞ்சங்கல்குளம். கோறளைப்பற்று வடக்கு என்று அரசாங்கம் ஒரே பெயரில் அடைத்ததை, ஊரார் கேணியாகவும் சேனையாகவும் வெளியாகவும் குளமாகவும் பிரித்துவைத்திருக்கிறார்கள். கண்டலடி என்றால் கண்டல் மரத்தின் அடி. ஊரி என்றால் கடற்சிப்பி. பனிச்சை ஒரு மரம். அதன் காய்ச் சாற்றில் துவர் அதிகம். நைலோன் வராத காலத்தில் பருத்தி நூல் வலை உக்காமலிருக்க மீனவர்கள் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாயத்தில் வலையைத் தோய்த்தெடுப்பார்கள். ஆக, பனிச்சங்கேணி என்ற ஒரு சொல்லுக்குள் மரம், நன்னீர், வலை மூன்றும் இருக்கின்றன. தாவரவியலாளர் ஒருவர் வந்து பட்டியல் போடுவதற்கு முன்பே பட்டியல் போட்டாயிற்று.

வாகரைச் சந்திக்குக் கிட்டிய தேத்தண்ணிக் கடையில் வாங்கு ஒன்றில் இடம் கிடைத்தது. வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. கொழும்பு இலக்கத் தகடு. கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் நாலு பேர். பாசிக்குடாவிலிருந்து வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அங்கே போர் முடிந்த பிறகு வரிசையாக எழும்பிய ஹோட்டல்களில் இரண்டு இரவு தங்கி, சலித்துப்போய் வடக்கே ஓடி வந்திருக்கிறார்கள்.

"இங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு அண்ணன்?"

கடைக்காரர் கையிலிருந்த துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்த நேரத்தில் கடைக்குப் பின்னால் காட்டுக்கோழி ஒன்று கூவியது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, நாட்டின் தேசியப் பறவை. ஒருவரும் திரும்பவில்லை.

"கடல் இரிக்கி. ஆறு இரிக்கி. மறுகா… காடு இரிக்கி."

"மலை ஏதும்?"

"மலை இஞ்ச இல்ல தம்பி. கிரானுக்கு அங்கால போகோணும். குடும்பிமலை."

வான்காரர்களின் முகத்தில் ஒரு ஏமாற்றம். மலை இருந்தால் ஏறலாம். ஏறினால் படம் எடுக்கலாம். குடும்பிமலையும் சும்மா ஆளில்லை. தமிழன் அதன் உச்சியில் குடுமியைக் கண்டான். சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றார்கள். வெள்ளைக்காரன் பிரபு ஒருவரின் தொப்பி என்று வரைபடத்தில் எழுதிவைத்தான். ஒரு கல்லின் தலையில் மூன்று பேர் மூன்று விதமாக மயிரும் துணியும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2007 ஜூலையில் இராணுவம் அதைப் பிடித்த செய்தி உலகமெல்லாம் போனது. பிற்பாடு அங்கே மரபுப் பூங்காவும் அமைத்தார்கள். அந்தக் காட்டில் பாறைக்கும் பாலைமரத்துக்கும் இடையில் கரடியும் இருவாச்சியும் என்ன பெயரில் வாழ்கின்றன என்று அந்தச் செய்திகளில் வரவில்லை.

வான்காரர் ஒருவர் வீதியோரத்தில் நின்று ட்ரோனைப் பறக்கவிட்டார். அது இரைந்துகொண்டு களப்புப் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் கருவால் மூக்கன்களின் கூட்டம் முழுவதும் எழும்பி, ஒரே துணியை உதறியதுபோல் வானத்தில் திரும்பியது. "செம ஷொட்" என்றார் இளைஞர். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவைக்கு, திரும்பிப் போகச் சேர்த்துவைக்கும் கொழுப்பில் ஒரு பங்கு அந்தப் படத்துக்குச் செலவானது. அவர் நல்ல பிள்ளை. தேத்தண்ணிக்கு மிச்சக்காசு வேண்டாம் என்று விட்டுப் போனார். சுற்றுலா என்ற சொல்லில் சுற்று இருக்கிறது, உலா இருக்கிறது, குந்தியிருத்தல் இல்லை.

கடையின் மூலையில், நான் வந்ததிலிருந்து அசையாமல் ஒரு முதியவர். குஞ்சங்கல்குளம் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவந்திருக்கிறார். சாராயப் போத்தல்கள் மூன்று, வாழைச்சருகு அடைப்பு. கடைக்காரர் ஒன்றைத் திறந்து நாக்கில் விட்டார்.

"சீனி கலந்ததோ அப்பு?"

முதியவர் கோபப்படவில்லை. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, பிறகு காட்டின் பக்கம் ஒருமுறை பார்த்து, "பூ மாறிப் போச்சு" என்றார். வேறு விளக்கம் இல்லை.

இவருடைய ஆட்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர்கள் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார்கள். கரையோர வேடர், தமிழ் பேசி, காட்டிலும் கடலிலும் ஒரே நேரத்தில் கால் வைத்து வாழ்கிறவர்கள். கப்பலேறி வரும் தெய்வங்களுக்கும் சடங்கு செய்கிறவர்கள். நூறு ஆண்டுக்கு மேலாக அறிஞர்கள் வந்து, இவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இவர் தேத்தண்ணிக்குள் சீனியை இன்னொரு கரண்டி போடச் சொல்கிறார்.

எந்தப் பூ எந்த வாரத்தில் மாறியது என்று நாக்கில் அறியும் ஆள் ஒருவர் மூலையில் இருக்கையில், "இங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு" என்ற கேள்வியை வான்காரர்கள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாரோ. இவருக்குச் சம்பளம் கொடுத்து, சட்டையில் வழிகாட்டி என்று பட்டி குத்திவிட்டால் வாகரைக்கு நல்லது நடக்குமா, இவருக்கு நல்லது நடக்குமா என்பது எனக்குள் தீராத வழக்கு. ஆனாலும் பாசிக்குடாவில் இருப்பதுபோல் உள்ளூரான் வாசலில் காவல் நிற்பதைவிட, காட்டுக்குள் முன்னால் நடப்பது மேல்.

*

மத்தியானம் காயங்கேணிக் கரை. கடல் பொங்கிக்கொண்டிருக்கிறது. கரையில் ஏற்றிய போட்டின் நிழலில் ஒருவர் வலை தைக்கிறார். 2019 ஏப்ரலில் இந்தக் கரையோரக் கடலில் ஆயிரம் ஹெக்டேயருக்குச் சற்றுக் குறைவான பரப்பைக் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது: முருகைக்கல். கொம்புபோல், மூளைபோல், கோவாபோல் வளர்ந்த முருகைக்கல், அதன் பொந்துகளில் நிறநிறமாய் மீன், சிங்க இறால். ஒரு காலத்தில் இந்தக் கரைப்பகுதியில் முருகைக்கல்லைத் தோண்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடுகளின் சுவரில் பூசிய வெள்ளை, கடலுக்கடியில் உயிராக இருந்தது. சட்டம் அதை நிறுத்தியது. இப்போது சூளை கடலுக்குள்ளேயே மூட்டப்பட்டிருக்கிறது: தண்ணீர் வழமையைவிட ஒரு பாகை சூடேறி வாரக்கணக்கில் நின்றாலே, முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளிறிப்போகிறது. அந்தப் பாசிதான் அதற்குச் சோறு. 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் நான்காவது உலகளாவிய வெளிறலை அறிவித்தார்கள். அதற்கு வாகரையார் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எரித்த நெருப்பு எங்கோ, வெளிறுவது இங்கே.

இன்றைக்கு இந்தக் கடலில் இறங்கி ஒன்றையும் பார்க்கேலாது. கலங்கல். சித்திரை பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால்தான் கிழக்குக் கடல் கண்ணாடியாகும். ஆவணி, புரட்டாதி வரை அப்படியிருக்கும். அப்போது களப்பில் வடநாட்டுப் பறவை ஒன்றும் இராது. பறவை வரும் ஐப்பசியில் கடல் மூடிக்கொள்ளும். வாகரை தன்னை ஒரே நாளில் முழுவதும் காட்டுவதில்லை. திட்டம் வரைகிறவர்கள் இதைக் குறையாக எழுதுவார்கள். எனக்கோ இது சமையல் தெரிந்த வீட்டில் பந்திக்குப் பந்தி கறி மாறுவதுபோல் படுகிறது. கச்சானில் கடல், பாலைப்பழக் காலத்தில் காடு, வாடையில் களப்பு. மூன்று முறை வருகிறவனுக்கு மூன்று ஊர்.

வைகாசி, ஆனியில் இதே கரைவழியால் வேறு பயணிகள் போவார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, வெருகல் முருகனைக் கும்பிட்டு, வாகரை தாண்டி, மட்டக்களப்பு, பொத்துவில், குமணக் காடு என்று கதிர்காமம் வரைக்கும் கால்நடையாகப் போகிறவர்கள். காட்டில் சத்தம் போடாமல் நடக்க, கண்ட இடத்தில் படுக்க, கொடுத்ததைத் தின்ன, யானை கண்டால் "பிள்ளையாரப்பா" என்று ஒதுங்கி நிற்கத் தெரிந்தவர்கள். சூழல் சுற்றுலா என்று இப்போது பயிற்சிப் பட்டறை வைத்துச் சொல்லிக்கொடுப்பதில் முக்காலும் அவர்களுக்குத் தெரியும். அண்மைக் காலத்தில் அவர்கள் போன தடத்திலும் பிளாஸ்டிக் போத்தல் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வலை தைக்கிறவருக்குப் பக்கத்தில் மணல் வரிவரியாகக் கறுத்திருக்கிறது. அலை வெள்ளை மணலை இழுத்துப்போக, கனமான கறுப்பு பின்தங்கி நிற்கிறது. இல்மனைட். வடக்கே புல்மோட்டையில் எத்தனையோ ஆண்டுகளாக அள்ளுகிறார்கள். இல்மனைட்டிலிருந்துதான் உலகத்தின் வெள்ளைச் சாயத்தில் பெரும்பகுதி செய்யப்படுகிறது. ஹோட்டல் சுவரின் வெள்ளையும் அதுவாக இருக்கலாம். கதிரவெளி, வாகரைக் கரைகளிலும் அள்ள வேண்டுமென்று வந்தபோது ஊர் எழும்பி மறித்தது. களப்போரத்தில் இறால் பண்ணைத் திட்டம் வந்தபோதும் அப்படியே. புத்தளம், சிலாபம் பக்கத்தில் 1980களில் கண்டல் காட்டை வெட்டிப் பண்ணை போட்டு, 1996 இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்து, குளங்களைக் கைவிட்டுப் போன கதை கிழக்குக்கும் தெரியும். கண்டல் காடுகள் முழுவதையும் காப்பதாக 2015 இல் உலகிலேயே முதலில் அறிவித்த நாடு இலங்கை. காலையில் தண்ணீருக்குள் நின்ற அந்த மூன்று பேரிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பண்ணையை மறித்துப் பதாகை பிடிக்க அவர்களும் போயிருப்பார்கள்.

*

பின்னேரம் காட்டோரம். முதிரை, பாலை, வீரை. வெயில் காய்ந்த சருகின் மேல் உடும்பு ஒன்று போகும் சத்தம், ஆள் நடப்பதுபோல். இந்தக் காட்டுக்குள் நீண்ட காலம் ஒருவரும் போகவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. 2006, 2007 இல் போரில் இந்த ஊர்கள் பட்டதை நான் இங்கே எழுதப்போவதில்லை. கதிரவெளிப் பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் சிலர் பேச்சை நிறுத்துவார்கள், அது போதும். 2017 இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவித்தார்கள். பலகை போனது. கோடரி வந்தது. மரத்தைக் காத்தது மரணபயம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் வெட்டிய அடிக்குற்றிகள் புதிதாகத்தான் இருக்கின்றன.

காட்டுக்கு முன்னால் வேளாண்மை. பெரும்போகம் அறுவடைக்கு நிற்கிறது. பழுத்த நெல்லின் மணம் காட்டுக்குள் போகும் திசையில் காற்று வீசுகிறது. பரண்மேல் ஒரு தகப்பனும் மகனும். மகனின் மடியில் யானை வெடி.

மகாவலித் திட்டம் வந்தபோது மேற்கே காடு வயலானது. அதற்கு ஈடாக 1983 இல் மாதுறு ஓயா, 1986 இல் சோமாவதி, திரிகோணமடு என்று ஒதுக்கங்கள் எழுதப்பட்டன. யானைக்கு எழுத்துத் தெரியாது. தாய் நடந்த தடத்தில் அது நடக்கிறது; தடம் வயலுக்குள்ளால் போகிறது. 2023 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 480க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அவற்றால் செத்த மனிதர் 180 ஐ ஒட்டி. சரணாலயத்தில் ஜீப்பில் போய்ப் பார்க்கும் யானைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. வயலுக்கு வரும் யானைக்குச் செலவு மட்டும் இந்தத் தகப்பனுடையது.

"வந்தா எழுப்பு மனே" என்று சொல்லிவிட்டு அவர் பரணில் சரிகிறார்.

*

இருட்டியபின் மட்டக்களப்புக்குப் பஸ் பிடித்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். ரேடியோவில் பழைய பாட்டு. யாரோ ஒருவர் மீன் விலையைப் பற்றி யாரோடோ தொலைபேசியில் சண்டை. மாங்கேணிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் பஸ் மெதுவானது, பிறகு நின்றது. சாரதி ரேடியோவை நிறுத்தினார். அடுத்து முன்விளக்கை அணைத்தார். உள்விளக்கையும்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வீதியின் இருட்டை விடக் கறுப்பாக ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதன் காலடியில் மிகச் சின்னதாக மூன்றாவது.

தொலைபேசிச் சண்டை பாதியில் நின்றது. அறுபது எழுபது பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். பெரியது வீதி நடுவில் நின்று, எங்கள் பக்கம் தும்பிக்கையை நீட்டிக் காற்றை வாங்கியது. மீன்கூடையும் டீசலும் வியர்வையும் எங்களுடைய ஊர் மணமெல்லாம் அதற்குப் போயிருக்க வேண்டும். என் முன்னிருக்கையில் குழந்தை ஒன்று "அம்மா, ஆனை" என்று தொடங்க, தாயின் கை அதன் வாயை மெல்ல மூடியது. ஒருவரும் கைபேசியை உயர்த்தவில்லை. வெளிச்சம் போனால் என்ன நடக்கும் என்று அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சின்னது இறங்கும் இடத்தில் தயங்கியது. பின்னால் வந்தது அதைத் தலையால் உந்தியது. வயல் பக்கத்துப் பற்றை ஆடி அடங்கியது.

சாரதி இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு விளக்கைப் போட்டார். நடத்துநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாங்கேணி எறங்கிறவங்க முன்னுக்கு வாங்க" என்றார்.